அறுபதுகளின் பாட்டைத் திரும்பக் கேட்பது எப்படி: ஸ்ரீதர் படங்கள் வழியாக ஒரு முழு வழிகாட்டி

பழைய பாட்டு கேட்பதென்றால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். யூடியூபில் 'இரவில் கேட்க இனிய பாடல்கள்' என்று மூன்று மணி நேரத் தொகுப்பு ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். அதில் தப்பேதும் இல்லை. ஆனால் அப்படிக் கேட்கும்போது பாதி நம் ஞாபகம்தான் பாடுகிறது. பல்லவி வந்ததும் மனசு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது, காது சும்மா இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. தமிழ்நாடு இலங்கை வானொலிப் பக்கம் காதைத் திருப்பியது. விவித் பாரதி 1957இல் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சிற்றலையில் வரும் பாட்டில் மேல் ஸ்தாயி ஒலிகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகும். சின்ன ரேடியோவின் ஸ்பீக்கரில் அடி ஒலியும் கேட்காது. மிஞ்சுவது நடுவில் இருக்கும் குரல் மட்டும். அதனால்தான் 'டி.எம்.எஸ். பாட்டு', 'சுசீலா பாட்டு' என்று குரலை வைத்தே சொல்லிப் பழகினோம். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த ஒரு முழு வாத்தியக் குழு இருந்தது. மேல்நாட்டில் அப்படிப்பட்ட குழுவுக்குப் பெயர் வைத்து, படம் போட்டு, ரசிகர் மன்றம் வைத்தார்கள். கோடம்பாக்கத்தில் பெயர்கூட டைட்டிலில் வரவில்லை. இந்த வழிகாட்டி அந்தக் குழுவைக் கேட்பதற்கானது.

1. துண்டைச் சின்னதாக வெட்டுங்கள்

'அறுபதுகள்' என்று மொத்தமாக எடுத்தால் மூச்சு முட்டும். ஓர் இசையமைப்பாளர், ஓர் இயக்குநர், நான்கைந்து வருடம், இது போதும். என் பரிந்துரை: ஸ்ரீதர் இயக்கி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த படங்கள்.

1962: நெஞ்சில் ஓர் ஆலயம், சுமைதாங்கி, போலீஸ்காரன் மகள்.
1963: நெஞ்சம் மறப்பதில்லை.
1964: காதலிக்க நேரமில்லை, கலைக்கோவில்.
1965: வெண்ணிற ஆடை.

ஏன் ஸ்ரீதர்? இந்த ஏழிலும் எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை. பெரிய நடிகரின் பாட்டைக் கேட்டால் அவர் முகம் கண் முன்னால் வந்து நின்றுவிடும். கை அசைவும் புருவமும் சேர்ந்தே கேட்கும். 'சுமைதாங்கி'யின் 'மயக்கமா கலக்கமா'வைக் கேட்கும்போது அந்தத் தொல்லை குறைவு, பி.பி. ஸ்ரீநிவாஸின் குரல் தனியாக நிற்கிறது, அதைச் சுற்றி வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்று கேட்க இடம் கிடைக்கிறது. சென்னையை விட்டு ஊருக்கே திரும்பிவிட நினைத்த வாலியை இருக்க வைத்தது இந்தப் பாட்டுதான் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது எழுதியவர் கண்ணதாசன். வாலி இன்னும் வாய்ப்பு தேடிக்கொண்டிருந்தார்.

இந்த இணையைப் பற்றி ஒரு வார்த்தை. விஸ்வநாதன் ஆர்மோனியம், ராமமூர்த்தி வயலின். இருவரும் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் இருந்தவர்கள். சுப்பராமன் 1952இல் இளவயதிலேயே இறந்துபோக, அவர் விட்டுச் சென்ற வேலைகளை முடித்துக் கொடுத்து, அதே ஆண்டு 'பணம்' படத்தில் இணைந்து பெயர் போட்டார்கள். 1965இல் 'ஆயிரத்தில் ஒருவ'னோடு பிரிந்தார்கள். அதாவது மேலே சொன்ன ஏழு படங்களும் அந்த இணை உச்சத்தில் இருந்த கடைசி நான்கு வருடங்களில் வந்தவை.

2. சரியான பதிவைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகிற படி இது. எனக்கோ இதுதான் முக்கியமானதாகப் படுகிறது. தப்பான பதிவை எத்தனை கவனமாகக் கேட்டும் பயனில்லை. ஒரே பாட்டுக்கு இணையத்தில் இருபது பிரதிகள் கிடைக்கும். அவை ஒன்றல்ல.

முதலில், படத்தில் வரும் பிரதி வேறு, தட்டில் வந்த பிரதி வேறாக இருக்கலாம். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றேகால் நிமிடம்தான் பிடிக்கும். பாட்டு நீளமானால் ஒரு சரணத்தை வெட்டுவார்கள், இடையிசையைக் குறைப்பார்கள், அல்லது இரண்டு பக்கத்துக்குப் பிரிப்பார்கள். ஆகவே படத்தில் உள்ள சரணம் ஸ்ட்ரீமிங் செயலியில் இல்லாமல் போவது அதிசயமில்லை. இரண்டையும் கேளுங்கள்: வாத்திய நுணுக்கத்துக்குத் தட்டுப் பிரதி, முழு அமைப்புக்குப் படப் பிரதி.

இரண்டாவது, வேகம். சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) நொடிக்கு 25. படத்தை விசிடிக்கோ டிவிக்கோ மாற்றும்போது பல இடங்களில் அதை அப்படியே 25க்கு ஓட்டிவிட்டார்கள். விளைவு: எல்லாம் நான்கு சதவீதம் வேகம் கூடி, சுருதியும் ஒரு அரைச்சுரத்தில் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) முக்கால் பங்கு அளவுக்கு ஏறிவிடும். நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 50 நொடியில் முடிந்துவிடும். 'சுசீலாம்மா குரல் இவ்வளவு மெலிசா?' என்று தோன்றினால் சந்தேகப்படுங்கள். சோதிப்பது எளிது: போனில் ஏதாவதொரு ட்யூனர் செயலியைத் திறந்து, இரண்டு பிரதிகளிலும் ஒரே நீண்ட சுரத்தை ஒப்பிடுங்கள். பழைய 78 தட்டை வீட்டில் பதிவு செய்து ஏற்றியவர்களின் பிரதியிலும் இந்தக் கோளாறு வரும்; ஆறு சதவீதம் பிசகினால் ஒரு முழு அரைச்சுரம் மாறிவிடும்.

மூன்றாவது, ஒட்டுப்போட்ட ஸ்டீரியோ. இந்தப் பாட்டுகள் அனைத்தும் மோனோவில் பதிவானவை. பிற்காலத்தில் இடது வலது என்று செயற்கையாகப் பிரித்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, சில சமயம் மேலே டிரம் சத்தத்தையும் தூவி 'டிஜிட்டல்' என்று விற்றார்கள். ஹெட்போனில் கேட்கும்போது குரல் குகைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். அரங்குகளுக்காகப் புதுப்பித்து 2012இல் வெளியிட்ட 'கர்ணன்', 2014இல் வெளியிட்ட 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டும் திரையில் பார்க்கப் பெரிய விருந்து. ஆனால் இன்றைய தியேட்டருக்காக மாற்றிய ஒலியை வைத்து 1964இன் பதிவை எடைபோட முடியாது.

நான்காவது, விவரம். ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஆண்டு என்று இருப்பது பெரும்பாலும் தொகுப்பு வெளியான ஆண்டு. 1962 பாட்டுக்கு 2007 என்று போட்டிருக்கும். இசை என்ற இடத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் பெயர் மட்டும் இருக்கும், ராமமூர்த்தி காணாமல் போயிருப்பார். படத்தின் டைட்டில் கார்டைப் பார்த்து நீங்களே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதே உத்தமம்: படம், ஆண்டு, இசை, வரி, குரல். பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது. தியேட்டர் வாசலில் காசுக்கு விற்ற அந்த நான்கு தாள் புத்தகத்தில் படத்திலிருந்து வெட்டப்பட்ட பாட்டுகூட அச்சாகியிருக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

3. எதில் கேட்பது

சுருக்கமாக. விலை உயர்ந்த கருவி வேண்டாம். காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்போன் போதும். அடி ஒலியைக் கூட்டும் 'பேஸ் பூஸ்ட்' போன்ற சங்கதிகளை அணைத்துவிடுங்கள். போனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டால் ஒட்டுப்போட்ட ஸ்டீரியோவின் அசட்டுத்தனம் ஓரளவு அடங்கும். ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கரில் கேட்பது இன்னும் சுகம். காரில் கேட்பது இந்த வேலைக்கு ஆகாது.

4. ஒரு பாட்டு, நான்கு சுற்று

ஒரு நாளைக்கு ஒரே பாட்டு. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் 'சொன்னது நீதானா'வை எடுத்துக்கொள்வோம். கதை தெரியும்தானே: ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவன், தான் இறந்துவிட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்கிறான். சிகிச்சை செய்யும் டாக்டரோ அவளுடைய பழைய காதலர். அதற்கு அவள் தரும் பதில் இந்தப் பாட்டு.

முதல் சுற்றில் குரலை விட்டுவிடுங்கள். கஷ்டம்தான், சுசீலாவின் குரலை விடுவது சுலபமா? ஆனாலும் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். தபலா எங்கே நுழைகிறது, எங்கே அடங்குகிறது, சரணத்தின் முடிவில் பல்லவிக்குத் திரும்பும்போது என்ன செய்கிறது? அதற்கும் கீழே ஏதாவது அடி ஒலி நடக்கிறதா? இந்தக் காலத்துக் குழுக்களில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் இருந்தது. ரேடியோவில் யாருக்கும் கேட்டதில்லை. ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் எல்லாப் பாட்டிலும் அதைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

இரண்டாவது சுற்றில் முன்னிசையும் இடையிசையும் மட்டும். இந்தப் பாட்டின் உயிர் சிதார். வாசித்தவர் மிட்டா ஜனார்த்தன். திரையில் தேவிகா கையில் சிதார் இருப்பதால் அது காட்சிக்காக வந்த வாத்தியம் என்று தோன்றலாம். ஆனால் கவனித்துக் கேட்டால் அது துணை வாத்தியமாக அடங்கி நிற்காமல் பாடகிக்குச் சமமாக இன்னொரு பாத்திரமாகவே பேசுவது புரியும். சிதார் விட்ட இடத்தில் எந்த வாத்தியம் எடுக்கிறது, முதல் இடையிசையும் இரண்டாவது இடையிசையும் ஒன்றுதானா வேறா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சுற்றில்தான் குரல். பல்லவியில் 'சொல்' என்ற சொல் மூன்று முறை வருகிறது. மூன்றும் ஒரே எடையில் விழுகின்றனவா? எதில் கேள்வி இருக்கிறது, எதில் கெஞ்சல் இருக்கிறது? ஒவ்வொரு முறை பல்லவி திரும்பும்போதும் அந்த எடை மாறுகிறதா? மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பதிவில் துண்டு துண்டாகப் பாடி ஒட்டும் வசதி கிடையாது. பாடகியும் முழுக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை போகவேண்டும். எவனாவது ஒருவன் ஒரு சுரம் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால், கடைசிச் சரணத்தில் ஒரு வயலின்காரருக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றும்.

நான்காவது சுற்றில் எதையும் தேடாமல் கேளுங்கள். ஏற்கெனவே நூறு முறை கேட்ட பாட்டு வேறாகக் கேட்கும். கேட்காவிட்டால் மறுநாள் மறுபடி.

இதே முறையை 'வெண்ணிற ஆடை'யின் 'என்ன என்ன வார்த்தைகளோ'வுக்கு வைத்தால் இரண்டாவது சுற்றில் பியானோ முன்னால் வந்து நிற்கும். 'காதலிக்க நேரமில்லை'யின் 'அனுபவம் புதுமை'யில் 'பெஸாமே மூச்சோ' என்ற மெக்சிகோ பாட்டின் சாயல் உண்டு என்று ரசிகர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள்; அதையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சாயல் எங்கே முடிகிறது, இவர்கள் எங்கே தங்கள் வழியில் திரும்புகிறார்கள் என்பது, காப்பி அடித்தார்களா இல்லையா என்ற சண்டையைவிடச் சுவாரசியமான விஷயம். 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டுக்கு நான்கு சுற்று வேண்டாம், இரண்டு போதும். ஆட்டம் போட வைக்கும் பாட்டை ரொம்ப ஆராயக் கூடாது.

5. வாசித்தவர்களைப் பாருங்கள்

ஸ்ரீதரிடமிருந்து ஒரு சின்ன விலகல். ஏவிஎம்மின் 'சர்வர் சுந்தரம்' 1964இல் வந்தது, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. அதில் 'அவளுக்கென்ன அழகிய முகம்' என்ற வாலி பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே படமாக்கப்பட்டது. விஸ்வநாதன் கையை வீசிக் குழுவை நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் மைக் முன் நின்று பாடுகிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். கேமராவுக்காகச் செய்ததுதான், ஒலி முன்பே பதிவானது. இருந்தாலும் அறுபதுகளின் ஒரு பாட்டு எத்தனை பேர், என்னென்ன வாத்தியங்களோடு உருவானது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சாட்சி தமிழில் இல்லை என்பேன். நாகேஷின் ஆட்டத்தை ஒரு தடவைக்கு மறந்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் பாருங்கள். தேவைப்பட்ட இடத்தில் நிறுத்தி, யார் கையில் என்ன என்று எண்ணுங்கள். அப்புறம் திரையை அணைத்துவிட்டு அதே பாட்டைக் காதால் கேளுங்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் ஹம்மிங் எந்த வாத்தியத்தோடு போட்டி போடுகிறது?

சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அக்கார்டியன் மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா, டிரம்ஸ் நோயல் கிராண்ட். பறவைக் குரலும் விலங்குக் குரலும் வாயாலேயே கொடுத்த சதன். இவரை நடிகராகவும் பார்த்திருப்பீர்கள். குழுவை நடத்தவும் இசைக்குறிப்பு எழுதவும் உதவிய ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா. இன்னொருவர் ஜி.கே. வெங்கடேஷ்: இந்த இணையிடம் உதவியாளராக இருந்து, பிறகு கன்னடத்தில் பெரிய இசையமைப்பாளர் ஆனவர். அவரிடம் எழுபதுகளில் உதவியாளராகச் சேர்ந்தவர்தான் இளையராஜா. இந்த நூலிழையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

6. ஒரே மெட்டு, இரண்டு மனநிலை

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம்: மகிழ்ச்சியாக வந்த பாட்டு, பிற்பாதியில் சோகமாக மறுபடி வரும். குழுவின் வேலையைத் தனியே பிரித்துக் கேட்க இதைப்போன்ற பயிற்சி வேறில்லை. மெட்டு அதே, பாடுபவர் அதே; மாறியது வாத்தியங்களும் வேகமும்தான்.

'புதிய பறவை'யில் (1964) சுசீலா பாடிய 'பார்த்த ஞாபகம் இல்லையோ' இரண்டு விதமாகவும் இருக்கிறது. 'பெரிய இடத்துப் பெண்'ணில் (1963) 'அன்று வந்ததும் இதே நிலா'வும் அப்படியே. அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். சோகப் பிரதியில் எந்த வாத்தியத்தை எடுத்துவிட்டார்கள், எதைச் சேர்த்தார்கள்? தாளம் மெதுவானதால் மட்டும் சோகம் வந்ததா? மகிழ்ச்சிப் பிரதியிலேயே சோகத்தின் விதை எங்காவது ஒளிந்திருக்கிறதா? 'பார்த்த ஞாபகம்' விஷயத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. முதல் பிரதியின் கொண்டாட்டத்திலேயே ஒரு அமானுஷ்யம் தட்டுகிறது.

அதே படத்தின் 'எங்கே நிம்மதி'க்கு எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்வார்கள். எண்ணிக்கையை விடுங்கள். அவ்வளவு பெரிய குழுவை டி.எம்.எஸ்.ஸின் குரலுக்கு முன்னால் எங்கே நிறுத்தி வைக்கிறார்கள், எங்கே அவிழ்த்துவிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

7. ராகமும் வரியும்

ராகம் கண்டுபிடிப்பது ஒரு நல்ல விளையாட்டு, ஆனால் அதுவே கேட்டலாகிவிடாது. 'இது இன்ன ராகம்' என்று சொன்னவுடன் வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் 'கர்ண'னை எடுங்கள், அதில் ராகம் மறைந்து விளையாடுவதில்லை: 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' சக்ரவாகம், 'கண்கள் எங்கே' சுத்த தன்யாசி. ஸ்ரீதர் படங்களில் 'கலைக்கோவில்' கர்நாடக சங்கீதத்தோடு நேரடியாக உறவாடுவது. 'தங்கரதம் வந்தது' பாட்டில் சுசீலாவோடு சேர்ந்து பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. படம் ஓடவில்லை, பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வரியைப் பொறுத்தவரை ஒரு யோசனை மட்டும். பாட்டைக் கேட்பதற்கு முன் வரிகளைக் கவிதைபோல் ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள். மெட்டு எந்தச் சொல்லை நீட்டியிருக்கிறது, எதைச் சட்டென்று கடந்திருக்கிறது என்பது அப்போதுதான் துல்லியமாகத் தெரியும்.

8. வீட்டில் கிடக்கும் கேசட்டும் தட்டும்

பரணில் ஒரு டப்பா நிறையக் கேசட் இருக்கும். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தவை. அவற்றில் சில பாட்டுகளின் முழு வடிவம் இணையத்தில் இல்லாமலும் இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் டிஜிட்டலாக்கி வையுங்கள்.

கேசட்டை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். முதலில் ஒரு முறை முன்னுக்கும் பின்னுக்கும் முழுக்கச் சுற்றுங்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் தளரும். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒலி மங்கலாக, போர்வைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஒலி 'பளிச்' என்று திறக்கும். பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். எம்பி3 பிரதியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலை நீக்கும் வசதியைக் கண்டபடி பயன்படுத்த வேண்டாம். இரைச்சலோடு சேர்ந்து புல்லாங்குழலின் காற்றும் போய்விடும். மூலப் பிரதியைத் தொடாமல் தனியே வையுங்கள்.

78 தட்டு இருந்தால் ஒரு எச்சரிக்கை: அது அரக்கில் செய்தது. ஆல்கஹால் பட்டால் கரையும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அதற்கு மேல் தெரியாமல் கை வைக்காதீர்கள். எல்பி வாசிக்கும் ஊசியை 78 தட்டில் வைக்கவும் கூடாது. 78இன் பள்ளம் அகலமானது, அதற்கென்று தடிமனான ஊசி தனியாக உண்டு. தப்பான ஊசி பள்ளத்தின் அடியில் உரசி வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும்.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அந்த ஒலிக்கோப்போடு சேர்த்து வையுங்கள். விவரம் இல்லாத ஒலிக்கோப்பு நாளைக்கு உங்களுக்கே யார் பாட்டென்று தெரியாமல் போகும்.

9. பிரிந்த பிறகு

ஏழு படங்களையும் முடித்தவர்களுக்கு ஒரு கேள்வி இயல்பாக வரும்: இந்த இணையில் யார் என்ன செய்தார்? 'மெட்டு அவருடையது, வாத்திய அமைப்பு இவருடையது' என்று தீர்ப்பு சொல்லப் பலர் உண்டு. தீர்ப்பை நம்பாமல் பாட்டை நம்புங்கள். 1965க்குப் பிறகு இருவரும் தனித்தனியே நிறையச் செய்தார்கள். ராமமூர்த்தி தனியாக இசையமைத்த 'மறக்க முடியுமா' (1966) படத்தின் 'காகித ஓடம் கடலலை மீது' கேளுங்கள்; வரிகள் மு. கருணாநிதி, குரல் சுசீலா. 'நான்' (1967) படத்தின் 'அம்மனோ சாமியோ' கேளுங்கள். விஸ்வநாதன் பக்கம் 'அன்பே வா' (1966). ராமமூர்த்தியின் பாட்டுகள் கேட்கக் கேட்க, இவரை நாம் எவ்வளவு சுலபமாக மறந்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். இருவரும் மறுபடி சேர்ந்தது 1995இல், 'எங்கிருந்தோ வந்தா'னில்.

ஸ்ரீதர் விஸ்வநாதனோடு தொடர்ந்தார். 'ஊட்டி வரை உறவு' (1967), 'சிவந்த மண்' (1969). இதில் சிவாஜி வந்துவிடுகிறார், ஆகவே முகத்தை மறந்து கேட்கும் பயிற்சி இப்போது உதவும். 'பட்டத்து ராணி'யில் சாட்டையையும் எல்.ஆர். ஈஸ்வரியையும் தாண்டி வாத்தியக் குழு என்ன செய்கிறது என்று நான்கு சுற்று கேளுங்கள். அந்தப் பாட்டுக்கு நான்கு சுற்றும் தகும்.

பின்னாலும் போகலாம். ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959), 'தேன் நிலவு' (1961) இரண்டுக்கும் இசை ஏ.எம். ராஜா. அங்கே வாத்தியங்கள் குறைவு, இடைவெளி அதிகம். அங்கிருந்து 'நெஞ்சில் ஓர் ஆலய'த்துக்கு வந்தால் ஒரே வருடத்தில் ஒரே இயக்குநரின் பாட்டுகள் எவ்வளவு தடித்துவிட்டன என்பது தெரியும். தடிப்பெல்லாம் முன்னேற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். 'தேன் நிலவு' பாட்டுகளின் மெல்லிய தன்மை அதற்குப் பிறகு வந்த எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

முன்னால் போக வேண்டுமானால் 1978. அதே ஸ்ரீதர், 'இளமை ஊஞ்சலாடுகிறது', இசை இளையராஜா. ஜி.கே. வெங்கடேஷ் வழியாக வந்த அந்த நூலிழை இங்கே வந்து சேர்கிறது. 'ஒரே நாள் உனை நான்' பாட்டை எஸ்.பி. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் பாடுகிறார்கள், எழுதியவர் வாலி. முதல் சுற்றில் வழக்கம்போல் குரலை விட்டுவிட்டு அடி ஒலியை மட்டும் பிடியுங்கள். அறுபதுகளின் பதிவுகளில் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த அந்தப் பேஸ் இங்கே முன்வரிசைக்கு வந்துவிட்டதா, வந்திருந்தால் அதற்கு இடம்விட்டு ஒதுங்கிய வாத்தியம் எது என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள்.